35 நாள் ரத்தம், 40 நாள் ஊரடங்கு

ரத்தப் பையின் லேபிளில் இரண்டு தேதிகள் இருக்கும். எடுத்த தேதி, காலாவதித் தேதி. ரத்தம் உறையாமல் காக்கும் சிபிடிஏ கரைசல் கலந்த பையென்றால் இரண்டுக்கும் இடையே 35 நாள். பிரித்தெடுத்த சிவப்பணுவுக்குத் தனி ஊட்டக் கரைசல் சேர்த்தால் 42 நாள். ரத்தம் உறைய உதவும் தட்டணுவுக்கோ (பிளேட்லெட்) வெறும் 5 நாள்தான். அதை ஃப்ரிட்ஜிலும் வைக்கக் கூடாது. 20 முதல் 24 டிகிரிக்குள், தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கின் முதல் இரண்டு கட்டங்கள் மே 3 வரை ஓடின. மொத்தம் 40 நாள். அதற்கு முன் எடுத்து வைத்த 35 நாள் பை ஒன்றுகூட அதுவரை தாங்காது. ரத்தம் மூட்டை கட்டி வைக்கிற அரிசி இல்லை, வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அது பெருமளவு ரத்ததான முகாம்களில் இருந்து வருகிறது. கல்லூரி, ஐடி நிறுவனம், கோயில் மண்டபம், ரசிகர் மன்றம். முகாமின் பலமே கூட்டம்தான். விரலில் குத்தி எடுத்த சொட்டு நீல நிற மயில்துத்தக் கரைசலில் மூழ்கினால் ஹீமோகுளோபின் போதும், மிதந்தால் போதாது. அதை வேடிக்கை பார்க்க வந்தவர், நண்பன் படுத்திருப்பதைப் பார்த்துத் தானும் வரிசையில் நின்றுவிடுவார். கொரோனா தடுத்தது அந்தக் கூட்டத்தைத்தான். அப்புறம் ஆஸ்பத்திரி பக்கம் போகவே பயம்.

சரி, தேவையும் குறைந்திருக்குமே? ஓரளவு குறைந்தது. சாலை விபத்து குறைந்தது, அவசரமில்லாத ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. ஆனால் யாருக்கு ரத்தம் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். பணக்கார நாடுகளில் பெரும்பாலும் 60 வயது தாண்டியவர்களுக்கு. ஏழை நாடுகளிலோ ஏற்றப்படும் ரத்தத்தில் 54 சதவீதம் வரை 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் போகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்தால் தள்ளிப்போட முடியுமா? தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடுள்ள குழந்தைக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏறியே ஆக வேண்டும்.

ஊரடங்கைவிட அது தளர்ந்த பிறகுதான் இன்னும் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. தள்ளிப்போட்ட ஆபரேஷன்கள் திரும்பி வந்துவிட்டன, கல்லூரிகள் திறக்கவில்லை. 2021-ல் இன்னொரு முட்டுக்கட்டை. தடுப்பூசியின் கடைசி டோஸ் போட்டு 28 நாள் வரை ரத்தம் தரக் கூடாது என்றது தேசிய ரத்தமாற்று கவுன்சில். மே 1 முதல் 18 வயது தாண்டிய எல்லோருக்கும் ஊசி. அதிகம் ரத்தம் தருகிற இளைஞர்களும் அதில் அடக்கம். “ஊசிக்கு முன்னாடி ஒரு தடவை கொடுத்துட்டுப் போங்க” என்று ஊரெங்கும் வேண்டுகோள் கிளம்பியது. அந்த மாதமே விதி, ஒவ்வொரு டோஸுக்குப் பிறகும் 14 நாள் என்று தளர்ந்தது.

முகாம் இல்லாத நாட்களில் கைகொடுத்தது பழைய கொடையாளர்களின் போன் நம்பர்கள்தான். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை ரத்தம் தரலாம். அந்தக் கணக்கு முடிந்தவர்களாகப் பார்த்துக் கூப்பிட்டு, ஆளுக்கொரு நேரம் கொடுத்து, கூட்டம் சேராமல் வரவழைத்தார்கள்.