கல் கொட்டும் முன் வரைபடத்தைக் கொஞ்சம் தெற்கே தள்ளிப் பாருங்கள்

புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே பல வருடங்களாக மணலே இருந்ததில்லை, வெறும் கருங்கல்தான் இருந்தது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலை தடுப்புச் சுவர்களில் தொடங்கிய கதை இது. இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பாலான மாதங்கள் அலை தெற்கிலிருந்து சாய்வாக அடித்து மணலை வடக்கே நகர்த்தும். வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். சுவர் அதை மறித்தது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் மேடிட்டது, வடக்கே நகரக் கடற்கரை கரைந்தது.

இந்த மாற்றத்தைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து அளக்கலாம். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு கட்டம் என்பது தரையில் 30 மீட்டர். அதை வைத்து வருடத்துக்கு ஒரு மீட்டர் அரிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும், மணல் திருப்பி அனுப்பும். கரையோரக் கட்டத்தில் இரண்டும் கலந்திருக்கும். எது எவ்வளவு என்று பார்த்தால் நீரும் மணலும் சந்திக்கும் கரைக்கோடு கட்டத்துக்குள் எங்கே போகிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். இப்படிப் பல வருடக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கரைக்குக் குறுக்கே வெட்டுக்கோடுகள் போட்டு, ஒவ்வொன்றிலும் சராசரி வேகத்தைக் கணக்கிடுவார்கள்.

ஓதத்தை, அதாவது கடல் நீர்மட்டம் தினமும் ஏறி இறங்குவதை, மறந்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் கரையில், நீர்மட்டம் அரை மீட்டர் ஏறியிருந்தாலே கோடு ஐந்து மீட்டர் உள்ளே வந்ததுபோலத் தெரியும். ஐந்து வருட அரிப்பு ஒரே நாளில் நடந்தது மாதிரி! அதனால் படம் எடுத்த நேரத்து ஓதத்தைச் சரிசெய்ய வேண்டும், முடிந்தவரை ஒரே பருவத்துப் படங்களை எடுக்க வேண்டும். அப்புறம் ஜிபிஎஸ் கருவியோடு கரையில் நடந்தும் சரிபார்க்க வேண்டும்.

சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களைக் கொண்டு இந்தியக் கடற்கரையை இப்படி அளந்தது. நாடு முழுக்கச் சுமார் 34 சதவீதக் கரையில் அரிப்பு. தமிழ்நாட்டில் சுமார் 43, புதுச்சேரியில் 56. அரிக்கும் இடமெல்லாம் வரைபடத்தில் சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். அத்தனையையும் ஒரே நேரத்தில் சீர்செய்யப் பணமும் கிடையாது, மணலும் கிடையாது.

வேகமாக அரிக்கும் இடத்துக்கே முதலிடம் என்று தோன்றும். ஆனால் உதாரணத்துக்கு, வருடத்துக்கு 2 மீட்டர் அரிக்கும் ஓர் இடத்தில் வீடுகள் 40 மீட்டர் தள்ளி இருக்கின்றன. இன்னோர் இடத்தில் அரிப்பு ஒரு மீட்டர்தான், வீடுகளோ 6 மீட்டரில். முதல் ஊருக்கு 20 வருட அவகாசம் உண்டு, இரண்டாவதற்கு ஆறுதான். அரிப்பு வரைபடத்தின் மேல் வீடு, சாலை, படகு நிறுத்தும் இடம், ஆமை முட்டையிடும் இடம் எல்லாவற்றையும் ஏற்றிய பிறகே வரிசை தெரியும்.

சரி, வரிசை தெரிந்துவிட்டது. உடனே அங்கே கல்லைக் கொட்டுவதுதான் நம் வழக்கம். கல் தன் பின்னால் இருப்பதைக் காக்கும், மணலை உண்டாக்காது. அரிப்பு அடுத்த ஊருக்கு நகரும். புதுச்சேரியில் தொடங்கியது கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனது இப்படித்தான். வீட்டு வாசலில் கடல் நிற்கும்போது தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர்) கேட்கும் மீனவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் திட்டம் போடுபவர் சிவப்போடு அதற்குத் தெற்கே மணல் சேர்ந்திருக்கும் பச்சையையும் பார்த்தாக வேண்டும். காணாமல் போன மணலில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கும்.

2018 வாக்கில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே ஆப்பு வடிவில் எஃகுத் திட்டு ஒன்றை நீருக்கடியில் இறக்கியது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலும் கரையில் கொட்டப்பட்டது. மணற்பரப்பு திரும்ப வந்தது.

நெதர்லாந்தில் 1965 முதல் வருடாவருடம் கரையை அளக்கிறார்கள். 1990ஆம் ஆண்டுக் கரையை எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். ஓர் இடம் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வரப்போகிறது என்று அளவுகளின் போக்கு காட்டினால், வீடு விழும்வரை காத்திருப்பதில்லை. அடுத்து மணல் நிரப்ப வேண்டிய பட்டியலில் அது ஏறிவிடும்.