டொமைன வாடகைக்கு விட்டிருக்கீங்களா? இந்த 7 நாள் விதிய தெரிஞ்சு வெச்சுக்கோங்க

வியாசர்பாடில ஒரு தம்பி, ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கான், அஞ்சாறு டொமைன் (வெப்சைட் பேர்) வாங்கிப் போட்டிருந்தான். அதுல ஒண்ண மாசம் 2000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டான், பேசினது எல்லாம் வாட்ஸ்அப்லதான், ஆள நேர்ல பாத்ததே இல்ல. மூணாவது மாசம் அவன் பேங்க் அக்கவுன்ட் ஃப்ரீஸ் ஆயிடுச்சு. என்னன்னு பாத்தா அந்த டொமைன்ல வேலை வாங்கித் தர்றோம்னு ஒரு பக்கம் போட்டு வேற மாநிலத்துல யார்கிட்டயோ பணம் புடுங்கியிருக்காங்க, அந்தப் பணத்துல இருந்தே இவனுக்கு வாடகையும் அனுப்பியிருக்காங்க. கடைக்கு பேப்பர் வாங்கக்கூட காசு எடுக்க முடியாம அவன் அலைஞ்சத கூடவே இருந்து பாத்தேன்.

விதி என்னன்னா, டாட் காம், டாட் நெட் மாதிரி பேருங்கள மேல இருந்து பாக்கறது ஐகேன். டொமைன் விக்கற கம்பெனிங்கதான் ரிஜிஸ்ட்ரார், அவங்களோட அது போட்டிருக்கிற 2013 ஒப்பந்தத்துல இது இருக்கு, நீங்க டொமைன் வாங்கறப்போ படிக்காம டிக் போட்டதுலயும் இது வந்துடுது. வாடகைக்கு விட்டாலும் பதிவுல இருக்கிற நீங்கதான் ஓனர். அந்தப் பேர வெச்சு யாருக்காவது கெடுதல் நடந்து, அவங்க ஓரளவு ஆதாரத்தோட உங்ககிட்ட வந்தா, 7 நாளுக்குள்ள வாடகைக்காரர் யாரு, இப்போ எங்க இருக்காருன்னு நீங்க சொல்லணும். சொல்லலன்னா பொறுப்ப நீங்க ஏத்துக்கிட்டதா ஆயிடும்.

கேக்க சுலபமா இருக்கும், ஆனா மாட்டிக்கறது இங்கதான். வாட்ஸ்அப் நம்பரும் ஒரு டிபி போட்டோவும் அடையாளம் ஆகாது. ஆரம்பத்துல வாங்கின அட்ரஸும் போதாது, இப்போ இருக்கிற விவரம்தான் கேக்கறாங்க, அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவ சரிபாருங்க. லெட்டர் வர்ற மெயில் ஐடி நாலு வருஷம் முன்னாடி போட்டதா இருக்கும், பாஸ்வேர்டே மறந்திருக்கும், இல்ல ஸ்பாம்ல போய் கிடக்கும், 7 நாளும் போயிடும். விவரம் சரியான்னு ரிஜிஸ்ட்ரார் கேட்டு 15 நாளுக்கு மேல பதில் போடலன்னா டொமைனையே முடக்கலாம், அதுவும் அதே ஒப்பந்தத்துல இருக்கு. பிரைவசி போட்டு பேர மறைச்சிருக்கேன்னு நிம்மதியா இருக்கறவங்களும் இருக்காங்க. உங்களுக்கு பதிலா தன் பேர பதிவுல போட்டுக்கற பிராக்ஸி கம்பெனிக்கும் இதே விதிதான், தன் தலை தப்பிக்க உங்க பேரத்தான் முதல்ல எடுத்துக் கொடுக்கும்.

வீட்ட வாடகைக்கு விடறப்போ ஆதார் காப்பி வாங்கறோம், ஸ்டேஷன்ல ஃபார்ம் கொடுக்கறோம், அட்வான்ஸ் வாங்கறோம். டொமைனுக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே கேக்காம கொடுக்கறோம்னு எனக்குப் புரியவே இல்ல. எழுத்துல ஒப்பந்தம் போடுங்க, வாடகைய அவர் பேர்ல இருக்கிற அக்கவுன்ட்ல இருந்தே வாங்குங்க. ரிஜிஸ்ட்ரார் லாகினையும் ஆத் கோடையும் (டொமைன வேற ரிஜிஸ்ட்ராருக்கு மாத்தற கோடு) யாருக்கும் கொடுக்காதீங்க, அந்தப் பேர் எந்த வெப்சைட்டுக்குப் போகணும்னு சொல்ற டிஎன்எஸ் ரெக்கார்ட நீங்களே மாத்திக் கொடுங்க, அப்போதான் பிரச்சனைன்னா ஒரே நிமிஷத்துல இழுத்து மூடலாம்.

பிராண்ட் பேர் மாதிரி இருக்கிற டொமைன தொடவே தொடாதீங்க. பிராண்ட் ஓனருக்கோ அவங்க போட்டிக்காரருக்கோ லாபத்துக்கு விக்கணும், வாடகைக்கு விடணும்னே வாங்கி வெச்சா அதுவே கெட்ட எண்ணத்துக்கு அத்தாட்சின்னு, டொமைன் பேர் தகராறுக்கு ஐகேன் வெச்சிருக்கிற யூடிஆர்பி விதியில எழுதியே இருக்கு. புகார் வந்தா பதில் போட 20 நாள்தான். டாட் இன் பேர நிர்வாகம் பண்றது நிக்சி, அங்க ஐஎன்டிஆர்பின்னு தனி விதி. டொமைன் பேருக்கும் டிரேட்மார்க் மாதிரி பாதுகாப்பு உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் 2004லயே சத்யம் இன்ஃபோவே வழக்குல சொல்லிடுச்சு.

இதெல்லாம் சிவில் பக்கம். போலீஸ் பக்கம் வேற, 7 நாள் கணக்கு அங்க செல்லாது. ஆள் மாறாட்டம் பண்ணி கம்ப்யூட்டர் வழியா ஏமாத்தினா ஐடி சட்டம் 66டி, 3 வருஷம் வரைக்கும் ஜெயில். நீங்க பண்ணலன்னாலும் பதிவுல இருக்கிற பேரத் தேடித்தான் முதல்ல வருவாங்க. பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்கு பதிலா வந்த சட்டம்) 35(3)ல விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்தா ஒளியாதீங்க, சொன்ன தேதியில பேப்பரோட போங்க. ஒழுங்கா ஆஜராகறவங்கள கைது பண்ணணும்னா அதுக்கு காரணத்த எழுதணும்.

அந்தத் தம்பிய பேங்க்ல "போலீஸ்கிட்ட போங்க"ன்னாங்க, ஸ்டேஷன்ல "இது எங்க லிமிட் இல்ல, சைபர்க்கு போங்க"ன்னாங்க, வேப்பேரி கமிஷனர் ஆபீஸுக்கு போனா "கேஸ் வெளிமாநிலத்துல இருக்கு, அங்க பேசுங்க"ன்னாங்க. மூணு இடத்துலயும் ஒரு துண்டு சீட்டு தரல. லிமிட் இல்லன்னு திருப்பி அனுப்பறது தப்பு, பிஎன்எஸ்எஸ் 173ல எந்த ஏரியாவுல நடந்த குற்றமா இருந்தாலும் தகவல பதிவு பண்ணணும்னு இருக்கு. உங்க டொமைன வெச்சு மோசடி நடக்குதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே நீங்களே புகார் கொடுத்துடுங்க, புகார் வாங்கினதுக்கு தர்ற சிஎஸ்ஆர் ரசீது வாங்காம எழுந்து வராதீங்க. வாங்க மாட்டேன்னா துணை கமிஷனருக்கு ரிஜிஸ்டர் தபால் போடுங்க, அந்த ரசீதும் உங்களுக்கு சாட்சி.

அக்கவுன்ட் ஃப்ரீஸ் ஆனா, எந்த ஸ்டேஷன் சொல்லி பண்ணீங்க, என்ன புகார் எண்ணுன்னு பேங்க்ல எழுத்துல கேளுங்க, அது இல்லாம வக்கீலாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அத வெச்சுத்தான் ஃப்ரீஸ எடுக்கச் சொல்லி மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல பிஎன்எஸ்எஸ் 503 பிரிவுல மனு போட முடியும்.

டொமைன மூடறதுக்கு முன்னாடி பக்கத்த தேதியோட ஸ்கிரீன்ஷாட் எடுங்க, சாட்டையும் மெயிலையும் அழிக்காதீங்க. பயத்துல அந்தத் தம்பி வாட்ஸ்அப் சாட் முழுக்க டெலீட் பண்ணிட்டான், வாடகைக்குத்தான் விட்டேன்னு சொல்ல அவன்கிட்ட இருந்த ஒரே ஆதாரமே அதுதான்.

வக்கீலுக்கு காசு இல்லன்னா 15100க்கு போன் பண்ணுங்க, இலவச சட்ட உதவி. பெண்கள், எஸ்சி, எஸ்டி மக்களுக்கு வருமான வரம்பே கிடையாது, வருமானச் சான்றிதழ் கொண்டுவான்னு யாராவது அலைய விட்டா 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தோட 12வது பிரிவ காட்டுங்க.