குழாய்க்கிணறு அடிக்கும் முன்: நிலத்தடி நீர் ஆய்வு கேட்கப் போகிறவர்களுக்கு

திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பக்கம் ஒரு அக்கா நகையை அடகு வைத்துக் குழாய்க்கிணறு அடித்தார். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்தவர் காட்டிய இடம். இருநூறு அடிக்கு மேல் கருங்கல்லைத் துளைத்தும் புழுதிதான் வந்தது. துளையிட்ட நிறுவனம் அடிக்கணக்கில் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டது. அதற்கு முன்பு அவர் ஆய்வு கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் வேறொரு கடதாசி குறைகிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். முதல் நாளே முழுப் பட்டியலையும் சொல்லியிருந்தால் அந்த நகை வீட்டில் இருந்திருக்கும்.

அரச பக்கத்தில் இந்த வேலைக்கென்று இருப்பது நீர்வளச் சபை, 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. பூமிக்குள் மின்சாரம் செலுத்தி நீர் இருக்கும் படைகளைத் தேடும் ஆய்வைச் செய்வார்கள். இது இலவசம் இல்லை. ஆய்வுக்கு ஒரு கட்டணம், துளையிடுவதற்கு வேறொரு கட்டணம். ஆய்வுக்குக் கட்டிய காசில் கிணறும் வரும் என்று நம்பி ஏமாந்தவர்களைக் கண்டிருக்கிறேன். கட்டுவதற்கு முன், அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது காணிப் பத்திரத்தில். காணி உறுதியா, அரச காணிக்கான பேர்மிட்டா, யார் பெயரில் என்று கேட்பார்கள். இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். உறுதி பதியப்பட்டிருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள். காணி இன்னும் இறந்துபோன தகப்பன் பெயரில் கிடந்தால் மறைக்காமல் முதல் நாளே சொல்லி, என்ன கடிதம் வேண்டும் என்று கேளுங்கள். வன இலாகா எல்லைக்கல் போட்ட இடம் என்றால் அந்தப் பிரச்சினையைத் தீர்க்காமல் ஆய்வுக்குக் காசு கட்டாதீர்கள். அறிக்கை நன்றாக வந்தாலும் துளையிட முடியாமல் போகும்.

அப்புறம் அலைச்சல். கிராம சேவகர் பிரதேச செயலகத்துக்குப் போகச் சொல்வார், அங்கே கமநல சேவை நிலையத்தைக் கேட்கச் சொல்வார்கள், அவர்கள் திரும்பவும் கிராம சேவகரிடமே அனுப்புவார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கிண்ணியாவிலிருந்தோ வெருகலிலிருந்தோ வருகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. வாயால் கேட்காதீர்கள். கோரிக்கையை எழுதிக் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். தமிழில் எழுதுவதும் தமிழில் பதில் பெறுவதும் உங்கள் உரிமை. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "என் விண்ணப்பம் இப்போது யாரிடம் இருக்கிறது, இன்னும் என்ன ஆவணம் தேவை" என்று கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். பல மாதம் அசையாத கோவை இந்த ஒரு கடிதத்தில் அசைந்ததைப் பார்த்தேன்.

சரி, ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று வையுங்கள். நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே கோட்டில் நடுவார்கள். வெளிக் கம்பிகள் இரண்டும் மின்சாரத்தைச் செலுத்தும், உள்ளே இருக்கிற இரண்டும் மின்னழுத்தத்தை அளக்கும். காய்ந்த பாறை மின்சாரத்தைப் பலமாகத் தடுக்கும், ஈரமான உக்கிய பாறை குறைவாகத் தடுக்கும். கம்பிகளை அகட்ட அகட்ட ஆழம் தெரியும். 50 மீற்றர் ஆழத்தைப் பார்க்கவே வெளிக் கம்பிகளுக்கு இடையில் 200, 300 மீற்றர் நேர்கோடு தேவைப்படும். உங்கள் வளவுக்குள் அது அடங்காது. பக்கத்துக் காணிக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வேலியைத் தாண்ட விடாததால் வந்த வாகனம் அப்படியே திரும்பிய கதையும் உண்டு.

இந்தக் கருவி தண்ணீரை நேரே பார்ப்பதில்லை, தடையைத்தான் அளக்கிறது. களிமண்ணும் உப்புத்தண்ணீரும் ஒரே மாதிரிக் குறைந்த தடையைக் காட்டும். அதனால் அருகில் உள்ள கிணறுகளின் ஆழம், நீர்மட்டம், சுவை எல்லாவற்றையும் வந்தவர்களிடம் சொல்லுங்கள். ஒரே இடத்தில் அளந்துவிட்டுக் கிளம்பினால் விடாதீர்கள். எங்கள் கருங்கல் நிலத்தில் தண்ணீர் வெடிப்புகளின் வழியேதான் ஓடுகிறது. கன்னியாவில் சுடுதண்ணீர் மேலே வருவதும் அப்படி ஆழமான வெடிப்புகளால்தான். பத்து மீற்றர் தள்ளினால் வெடிப்புத் தப்பிவிடும். நீரோட்டம் போகிற போக்குத் தெரிய வேண்டுமானால் கோடு கோடாகப் பல இடங்களில் அளக்க வேண்டும்.

நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோர மணலில் கதை வேறு. அங்கே நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் இருந்தால் கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்பு அந்த 40 அடி அளவுக்கு ஏறிவரும். ஆகவே எந்த ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்பது அறிக்கையில் இருந்தே ஆக வேண்டும். "இன்னும் ஐம்பது அடி போவோம்" என்று துளையிடுகிறவர் சொன்னால் அறிக்கையைக் காட்டி நிறுத்துங்கள். அவருக்கு அடிக்கு அடி காசு.

அறிக்கையில் துளையிட வேண்டிய புள்ளி, மாற்றுப் புள்ளி, எதிர்பார்க்கும் ஆழம், அதிகாரியின் கையொப்பம் இருக்கிறதா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். புள்ளியில் முளைக்குச்சி அடித்து, பக்கத்து மரத்திலிருந்தோ சுவரிலிருந்தோ எத்தனை அடி என்று அளந்து எழுதி வையுங்கள். மாடு குச்சியைப் பிடுங்கிவிட்டதால் இடத்தைத் தவறவிட்டு, மறுபடியும் காசு கட்டி அளந்தவர்கள் இருக்கிறார்கள்.