டாம்பர்: தமிழில் எப்படிச் சொல்வது?

பிரான்சில் அஞ்சலகத்துக்குப் போய் ‘தேம்ப்ர்’ என்று கேட்டால் தபால்தலை கொடுப்பார்கள். அதே சொல்லைப் பாட்டு வாத்தியாரிடம் சொன்னால் குரலின் தன்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். ஆங்கிலம் இசைப் பொருளை எடுத்துக்கொண்டது. உச்சரிப்பையும் பாதி பிரெஞ்சாகவே விட்டுவைத்தது. அதனால்தான் timbre என்று எழுதி டாம்பர் என்கிறார்கள். எழுத்தைப் பார்த்து ‘டிம்பர்’ என்று படிப்பவர்கள் நம்மிடையே நிறைய. அது மரக்கடையில் கிடைப்பது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மூலச்சொல் கிரேக்கம். அங்கே ‘டிம்பனான்’ என்றால் ஒருவகைப் பறை. பழைய பிரெஞ்சில் அது உருமாறிச் சிறு தோற்கருவியைக் குறித்தது. பிறகு நாக்கில்லாமல், வெளியே சுத்தியலால் தட்டி ஒலிக்கும் மணிக்குப் பெயரானது. மணியின் பெயர் மணியோசைக்கு வந்தது. அப்புறம் எந்த ஓசைக்கும் உரிய தனித்தன்மைக்கே அது பெயராகிவிட்டது. தபால்தலை வந்தது வேறு கிளையில்: குலச்சின்னத்தின் மேல் வரையும் தலைக்கவசம், அதிலிருந்து முத்திரை, முத்திரையிலிருந்து தபால்தலை.

சரி, பொருள் என்ன? நாகசுரமும் புல்லாங்குழலும் ஒரே சுருதியில், ஒரே அளவு சத்தத்தில் ஒரு சுரத்தை நீட்டுகின்றன. கண்ணை மூடிக்கொண்டாலும் எது எதுவென்று தெரிகிறதே, அந்த வித்தியாசம்தான் டாம்பர். ஒரு சுரம் 440 ஹெர்ட்ஸ் என்றால் அதனுடன் 880, 1320, 1760 என்று மேற்சுரங்களும் மெல்லிதாகக் கலந்து ஒலிக்கும். எது எவ்வளவு கலக்கிறது என்பது கருவிக்குக் கருவி மாறும். சீவாளி என்னும் நாணல் நாக்கை வைத்து ஊதும் நாகசுரத்தில் மேற்சுரங்கள் குவிந்து கிடக்கும், குழலில் குறைவு. இந்தக் கணக்கை விரிவாக நிறுவியவர் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அவருடைய நூல் 1863-இல் வந்தது. ஆனால் மேற்சுரம் மட்டும் போதாது. ஒலி எப்படிப் பிறந்து எப்படித் தேய்கிறது என்பதும் சேர்த்திதான். பியானோப் பதிவைப் பின்னோக்கி ஓடவிட்டுப் பாருங்கள், ஆர்மோனியம் போலக் கேட்கும்.

நம்மூரில் இதற்கு ஒரு அருமையான சோதனை தம்புராவில் இருக்கிறது. தந்திகளைத் தாங்கும் ‘குதிரை’யின் மேல் தந்திக்கு அடியில் ஒரு நூலிழையைச் செருகி, ஒரு மயிரிழை அளவுக்கு முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். ஜீவாளி என்பது அதுதான். சுருதி இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் மொட்டையாக ஒலித்த தந்தி, சரியான ஓரிடத்தில் திடீரென்று ரீங்கரிக்கத் தொடங்கும். மாறியது டாம்பர், வேறெதுவும் இல்லை. ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் தந்தியில் அசையாமல் நிற்கும் புள்ளிகள் உண்டு. அப்படி ஒரு புள்ளியில் மீட்டினால் அங்கே அசையாத மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது பழைய விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை தாராளமாக ஒலிப்பதை சர் சி. வி. ராமன் 1921-இல் எழுதினார். காரணம், தந்தி தொட்டுத் தொட்டு எழும் அந்த வளைந்த குதிரை.

இனி தமிழ்ச் சொல். ‘ஒலிநயம்’ என்று எழுதுகிறார்கள். நயம் என்றாலே இனிமை வந்துவிடுகிறது. தகர டப்பாவுக்கும் டாம்பர் உண்டு, நயம் எங்கே போவது? ‘தொனி’ பேச்சின் போக்குக்கு என்றைக்கோ போய்விட்டது. ‘ஒலித்தரம்’ என்றால் பதிவு நன்றாக இருக்கிறதா, இரைச்சலா என்ற கேள்வியாகப் புரிந்துகொள்வார்கள். ஜெர்மானியர் ‘ஒலியின் நிறம்’ என்று பொருள்படும் சொல்லை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து ‘ஒலிவண்ணம்’ என்று ஆக்க ஆசை வரும். ஆனால் தமிழ் யாப்பில் வண்ணம் என்பது சந்தம். தொல்காப்பியம் இருபது வண்ணங்களைச் சொல்கிறது, திருப்புகழை வண்ணப்பாடல் என்கிறோம். அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

என் வாக்கு ‘ஒலிப்பண்பு’க்கு. நல்லது கெட்டது சொல்லாத சொல், பாடப்புத்தகத்துக்கும் பொருந்தும். வாத்தியக்காரர்கள் புழங்குவது ‘நாதம்’. “இந்த மிருதங்கத்துக்கு நாதம் இல்லை” என்றால் சுருதி சேரவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதில் பாராட்டும் கலந்திருப்பதால் கலைச்சொல்லாக நிற்காது.

தனித்தனி ஒலிப்பண்புகளைச் சொல்ல நமக்குப் பஞ்சமே இல்லை: கரகரத்த குரல், கம்மிய குரல், கணீர்க் குரல். ‘கட்டைக் குரல்’ மட்டும் கொஞ்சம் வம்பு. கட்டைக் குரல் என்றால் தாழ்ந்த குரல். ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகிறார் என்றால் உச்சத்தில் நிற்கிறார். கே. பி. சுந்தராம்பாளுக்கும் சீர்காழி கோவிந்தராஜனுக்கும் ‘வெண்கலக் குரல்’ என்று பெயர் வைத்தவர்கள் அகராதி பார்த்து வைத்திருக்க மாட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களைப் போல அவர்களும் மணியோசையைத்தான் காதில் வைத்திருக்க வேண்டும்.