டிராவல் ஏஜென்ட்: பயண முகவரா, தரகரா?

'ஏஜென்ட்' என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'ஆகெரே'. இயக்குதல், செய்தல் என்று அதற்குப் பொருள். பிறர் சார்பில் செயலாற்றுபவர் என்ற பொருள் பின்னால் ஏறியது. தமிழில் இதற்கு நேரான சொல் முகவர். முகம் என்பதை அடியாகக் கொண்ட ஆக்கம். இன்னொருவரின் முகமாக நிற்பவர் என்று கொள்ளலாம். 'ஏஜென்சி'க்கு முகமை, முகவாண்மை என்பவை வழங்குகின்றன. இலங்கையில் முகவர் நிலையம் என்பார்கள்.

சிலர் 'பயணத் தரகர்' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. தரகர் இரு தரப்பையும் சேர்த்துவைத்துத் தரகு வாங்கிக்கொண்டு விலகிவிடுபவர். முகவர் முறைப்படி வழங்கும் விமானச் சீட்டுக்கோ விமான நிறுவனமே பொறுப்பு.

சுற்றுலா ஏற்பாட்டாளர் வேறு ஆள். அறை, வாகனம், உணவு எல்லாவற்றையும் சேர்த்து, ஒரே தொகுப்பாகத் தன் பெயரில் விற்பவர் அவர். பயண முகவர்களின் முன்னோடி என்று சொல்லப்படும் தாமஸ் குக், 1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரை ரயிலில் அழைத்துச் சென்றார். ஆளுக்கு ஒரு ஷில்லிங். கறாராகப் பார்த்தால் அன்று அவர் செய்தது ஏற்பாட்டாளர் வேலைதான்!

முகவர் யாருடைய முகம்? நெடுங்காலம் இதற்கு விடை எளிது: தரகுத்தொகை கொடுத்த விமான நிறுவனத்தின் முகம். அமெரிக்காவில் டெல்டா நிறுவனம் 1995இல் அந்தத் தொகைக்கு உச்சவரம்பு வைத்தது. 2002இல் அடிப்படைத் தரகையே நிறுத்தியது. மற்ற நிறுவனங்களும் அவ்வழியே போயின. முகவர்கள் பயணியிடம் சேவைக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். நிறுவனத்தின் சீட்டை விற்றுக்கொண்டே பயணிக்கும் ஆலோசகராக இருக்கும் இந்த இரட்டை நிலையில்தான் குழப்பங்கள் பிறக்கின்றன.

அடிக்கடி நடப்பது இது. முகவர் அனுப்பும், எழுத்தோ எண்ணோ ஆறு கொண்ட பிஎன்ஆர் வெறும் முன்பதிவுக் குறியீடு. பெரும்பாலான விமான நிறுவனங்களில் சீட்டு வழங்கப்பட்டதற்குச் சான்று 13 இலக்கச் சீட்டு எண். அதன் முதல் மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். கெடு தேதிக்குள் சீட்டு வழங்காவிட்டால் முன்பதிவு தானாக ரத்தாகும், பயணி முகவரிடம் பணத்தைக் கட்டியிருந்தாலும். ஆகவே பணம் கொடுத்ததும் 13 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, விமான நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்துவிட வேண்டும். பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்ப்பது நல்லது; பெயரை மாற்றப் பெரும்பாலான நிறுவனங்கள் இடம்தருவதில்லை.

பணம் திரும்பப் பெறுவதிலும் இதே சிக்கல்தான். சீட்டை முகவர் வழங்கியிருந்தால் 'அவரிடமே கேளுங்கள்' என்று விமான நிறுவனம் பெரும்பாலும் கைகாட்டும். நிறுவனத்தின் ரத்துக் கட்டணம் தனி, முகவரின் கட்டணம் தனி. சீட்டு வழங்கச் சொந்த அங்கீகாரம் இல்லாத துணை முகவர் பெரிய முகவரிடமிருந்து வாங்கி விற்றிருந்தால், பணம் இன்னொரு கையும் கடந்து வரவேண்டும். இணையதளத்தில் வாங்கினாலும், அது விமான நிறுவனத்தின் சொந்தத் தளமாக இல்லாதவரை, அதுவும் முகவரே.