அறுபது பேருக்கு ஒரே நாளில் ஃபேஸ்புக்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன். மதுரைக்கு மேற்கே குழந்தைகள் இல்லம் நடத்தும் தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர். “மேடம், நம்ம ஃபேஸ்புக் பேஜ்ல ஒரு போட்டோவை எடுக்கணும். பேஜைத் திறக்கவே முடியல.” அட்மினாக இருந்த பையன் வேலையை விட்டுத் திருப்பூர் போய் 8 மாதமாகிறது, போனை எடுப்பதில்லை. அவன் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் போட்ட படம் அது. இல்லத்துச் சிறுமி ஒருத்தி பரிசுக் கோப்பையோடு நிற்கிறாள். கீழே அவள் பெயர், பள்ளி, எந்த ஊரிலிருந்து மீட்கப்பட்டாள் என்பது வரை எழுதியிருந்தது.

அந்தப் பையன், தொண்டு நிறுவனங்களுக்கு நான் நடத்தும் சமூக ஊடகப் பயிற்சிக்கு வந்தவன்தான். மூன்றாவது வரிசை. “வெறும் தகவல் போடாதீர்கள், ஒரு மனிதரின் கதையாகச் சொல்லுங்கள்” என்று நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டான். எதைச் சொல்லக் கூடாது என்பது 4.30 மணிக்கான ஸ்லைடில் இருந்தது. 4.30-க்கு நாங்கள் ஃபிளெக்ஸ் பேனர் முன்னால் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம்.

பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். போக்சோ வழக்கில் சம்பந்தப்பட்ட குழந்தை என்றால் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. “நல்லதுதானே மேடம் போட்டோம்?” என்று கேட்காதீர்கள். முகத்தை மறைத்துவிட்டுச் சீருடை பேட்ஜைத் தெரியவிட்டாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

நிறுவனங்களிடம் எனக்கு எரிச்சல் வரும் இடம் வேறு. “ஒரே நாள் மேடம், 60 பேர், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாம் சொல்லிக் கொடுத்துடுங்க.” பணம் கொடுக்கும் டோனருக்கு அனுப்பும் ரிப்போர்ட்டுக்கு 60 கையெழுத்து வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். டீ, சாப்பாடு, வரவேற்புரை, பொன்னாடை போக மிஞ்சுவது நாலரை மணி நேரம், அதாவது 270 நிமிடம். 60 பேர் என்றால் தலைக்கு நாலரை நிமிடம். மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு களப்பணியாளர் அக்காவுக்கு ஜிமெயில் பாஸ்வேர்டே தெரியவில்லை; கணக்கைத் திறந்து கொடுத்தவர் செல்போன் கடைக்காரர். போனில் இடமில்லை, பேரப்பிள்ளையின் வீடியோ நிறைந்திருக்கிறது. அவர் ஒருவருக்கே முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் மீதி 59 பேர் வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் என்ன தப்பு? மேடையில் ஒருவர் அல்காரிதம், ஹேஷ்டேக் என்று பேசுவதைக் கேட்டு யாரும் போன் பழகியதில்லை. சைக்கிள் ஓட்டுவதைப் படம் காட்டியா சொல்லித் தருவோம்?

நான் இப்போது ஒத்துக்கொள்வது 15 பேருக்கு மேல் இல்லை. இரண்டு அரை நாள், நடுவில் 2 வாரம் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் சந்தேகமெல்லாம் வரும். முதல் அரை நாளின் வேலையே பேஜ் யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதுதான். முழு உரிமையோடு குறைந்தது இரண்டு பேர், அதில் ஒருவர் செயலாளரோ அறங்காவலரோ. ஒருவர் விலகினால் அன்றைக்கே அவர் பெயரை எடுத்துவிட வேண்டும். பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். ஓடிபியை யார் கேட்டாலும், “ஃபேஸ்புக் கம்பெனி மெட்டாவிலிருந்து பேசுகிறோம்” என்றாலும், கொடுக்காதீர்கள். பணமே போய்விட்டதா? முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள், எனக்கு அப்புறம் பேசலாம்.

இன்ஸ்டாகிராம் வேண்டுமா என்று கேட்டால், யாரிடம் பேசப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். மகளிர் குழு அக்காக்களுக்கு மருத்துவ முகாம் தேதி போய்ச் சேர வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் ஒன்று போதும். நன்கொடையாளர்கள் பார்க்க ஃபேஸ்புக் பேஜ். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தபிறகு ரீல்ஸ் பற்றிப் பேசலாம்.

படத்துக்குச் சம்மதம் வாங்குவதைத் தயவுசெய்து சடங்காக்காதீர்கள். ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவது சம்மதமில்லை. தமிழில் படித்துக் காட்டுங்கள், படம் எங்கே வரும் என்று உங்கள் போனிலேயே காட்டுங்கள். ஒரு பாட்டி பார்த்துவிட்டு, “இதை எம்மருமகனும் பார்ப்பானா? அப்ப வேணாந்தாயி” என்றார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அந்தச் சிறுமியின் படத்தைப் பேஜிலிருந்து நீக்க 5 நாள் ஆனது. பையனின் பெரியம்மா மூலமாகத்தான் அவனையே பிடித்தோம். நேற்று இன்னொரு நிறுவனத்திலிருந்து கடிதம்: ஒரு நாள், 80 பேர், மதிய உணவு உண்டு. போன் போட்டு, “உங்க பேஜுக்கு யார் அட்மின்?” என்று மட்டும் கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை.