எம்.எஸ்.டி.எஸ். கேட்பது உங்கள் உரிமை

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன கெமிக்கல்?" கூட்டிக்கொண்டு போன எனக்குத் தெரியவில்லை. "வெள்ளை கேன் சார், நீல மூடி" என்றேன். பையனின் கண்ணில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்த நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சூப்பர்வைசருக்குப் போன் போட்டால் ஸ்டோரைக் கேட்கச் சொன்னார். ஸ்டோரில் "க்ளீனிங் லிக்விட்" என்றார்கள். அது அமிலமா காரமா என்று தெரியவே முக்கால் மணி நேரம் ஆனது. அத்தனைக்கும் பதில் ஒரு தாளில் இருந்தது. அந்தத் தாள் மேனேஜர் அறை பீரோவில், பூட்டுக்குள் இருந்தது.

அதுதான் எம்.எஸ்.டி.எஸ். இப்போது எஸ்.டி.எஸ். என்றும் சொல்கிறார்கள், தமிழில் பாதுகாப்புத் தரவுத்தாள். ஒரு ரசாயனத்தில் என்ன ஆபத்து, மேலே பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தாள். சட்டப் பின்னணி சுருக்கமாக: 1984 போபால் விபத்துக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, வேலையிடத்து ஆபத்து பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக வந்த 2020 தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது. இதற்கிடையில் வந்தவை அபாயகரமான ரசாயனங்கள் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள், 1989. அதன் 17-ஆம் விதி, ஆலையை நடத்துபவர் இந்தத் தாளை வைத்திருக்க வேண்டும், கேட்டால் பார்க்கக் கிடைக்க வேண்டும் என்கிறது. இந்த விதி எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இனி, கேட்டால் என்ன சொல்லித் திருப்பி அனுப்புவார்கள் என்று பார்ப்போம்.

"நீ காண்டிராக்ட் ஆள், உன் காண்டிராக்டரைக் கேள்." அதிகம் பேர் திரும்பிப் போவது இந்த ஒரு வார்த்தையில்தான். காண்டிராக்டரிடம் போனால் அவர் "கெமிக்கல் கம்பெனியோடது, எனக்கு என்ன தெரியும்" என்பார். தாளை வைத்திருக்கும் பொறுப்பு ஆலையை நடத்துபவருடையது. கேட்கிறவர் யார் மூலமாக வேலைக்கு வந்தார் என்று 17-ஆம் விதி பார்ப்பதில்லை. கம்பெனியிடமே கேளுங்கள்.

"நம்மிடம் ஸ்டாக் கொஞ்சம்தான், அந்த ரூல் நமக்கு வராது." இதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் உண்மையாகவே அப்படி நம்புகிறார்கள். இவ்வளவு டன்னுக்கு மேல் என்ற வரம்பெல்லாம் அரசுக்கு முன்னறிவிப்பு கொடுப்பது, பாதுகாப்பு அறிக்கை தயாரிப்பது போன்றவற்றுக்கு. தரவுத்தாளுக்கும் லேபிளுக்கும் அளவு வரம்பு கிடையாது. ரசாயனம் அபாயகரமானது என்றால் ஒரு கேன் இருந்தாலும் தாள் இருக்க வேண்டும்.

"சின்ன பாட்டில், இதில் எங்கே லேபிள் ஒட்டுவது?" அதற்கும் அதே விதியில் பதில் இருக்கிறது. ஒட்ட இடமில்லை என்றால் டேக் கட்ட வேண்டும், அல்லது கூடவே தாள் இருக்க வேண்டும். பேரலில் இருந்து குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கம் எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது! அந்த பாட்டிலைப் பார்த்தால் அன்றைக்கே சண்டை போடுங்கள்.

"அது கம்பெனி ரகசியம்." கலவை விகிதம் ரகசியமாக இருக்கட்டும். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பது ரகசியம் ஆக முடியாது.

இன்னொரு கண்ணி, நீங்களே போடும் கையெழுத்து. சேர்ந்த அன்றே ஒரு ரிஜிஸ்டரை நீட்டி, "பயிற்சி பெற்றேன், புரிந்துகொண்டேன்" என்ற வரிக்கு எதிரே கையெழுத்து வாங்குவார்கள். பின்னால் பிரச்சினை என்றால் முதலில் அந்த ரிஜிஸ்டர்தான் வெளியே வரும். தாளைக் காட்டவில்லை என்றால், கையெழுத்துக்குப் பக்கத்தில் அதையும் தேதியையும் எழுதுங்கள்.

தாள் கைக்கு வந்துவிட்டது, சரி. பெரும்பாலும் ஆங்கிலத்தில், பத்துப் பக்கம் இருக்கும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். உலகம் முழுக்க வழக்கத்தில் உள்ள வடிவத்தில் 16 பகுதிகள் இருக்கும். 2-இல் ஆபத்து, 4-இல் முதலுதவி, 8-இல் கையுறையும் மாஸ்க்கும். இந்த மூன்றையும் விளக்கச் சொல்லுங்கள். 8-இல் என்ன வகைக் கையுறை என்று பெயர் சொல்லியிருக்க வேண்டும். வெறுமனே "தகுந்த கையுறை" என்றிருந்தால் அந்தத் தாள் உங்களுக்கு உதவாது. தூசிக்குப் போடும் மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது.

கேனில் இருக்கும் பெயரும் தயாரிப்பாளரும் தாளில் இருப்பதும் ஒன்றுதானா என்று கட்டாயம் பாருங்கள். கேட்டவர் வாயை அடைக்க, நெட்டில் இருந்து ஏதோ ஒரு கம்பெனியின் "தின்னர்" தாளை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் தின்னரில் இருப்பது இன்னொருவர் தின்னரில் இருக்காது.

தரவே மாட்டேன் என்கிறார்களா? வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு எழுதிக் கொடுங்கள், நகலில் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, தொழிற்சாலை ஆய்வாளர். இங்கேதான் அலையவிடுவார்கள். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனால் "இது எங்களது இல்லை" என்பார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் அதையே கேட்டுவிட்டு வருவீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகும். தமிழ்நாட்டில் நீங்கள் போக வேண்டியது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகம். முடிந்தால் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திடுங்கள், தனி ஆள் என்றால் மறுநாளே வேலை போகலாம். பதில் வராவிட்டால் அந்த அலுவலகத்துக்கே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, புகார் மேல் என்ன நடவடிக்கை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தனியார் கம்பெனிக்கு நேரடியாக ஆர்.டி.ஐ. போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

அதுவரைக்கும், தொடுகிற ஒவ்வொரு கேனின் லேபிளையும் போனில் படம் எடுத்து வையுங்கள். செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்றால், பெயரைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ. சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையில் பென்சீன், ஈயம், குரோமியம் எல்லாம் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் ரிஜிஸ்டரில் உங்களை "ஹெல்பர்" என்று மட்டும் எழுதியிருந்தால், எதைத் தொட்டு வேலை செய்தீர்கள் என்று நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும்.

அபாயகரமான வேலையில் இருந்தவர்கள், வேலையை விட்டு நிற்கும்போது செட்டில்மென்டோடு மருத்துவப் பரிசோதனைப் பதிவின் நகலையும் கேளுங்கள். காண்டிராக்டர் மாறிய பிறகு அந்த ஃபைல் எங்கே என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.